ஏழு வருடப் பழக்கம் ஒரு வாட்ஸ்அப் செய்தியில் போய்விட்டதா?

வாசகர் கேள்விக்கு மனநல ஆலோசகர் பதில்
(அடையாளம் தெரியாதிருக்க விவரங்கள் மாற்றப்பட்டுள்ளன)

கடிதத்தின் சுருக்கம்

எழுதியவருக்கு 41 வயது. சொந்த ஊர் திருச்சி. கணவரின் வேலைக்காகப் பெங்களூர் வந்து ஏழு வருடம் ஆகிறது. நகரின் கிழக்குப் பக்கம் 96 வீடுகள் கொண்ட குடியிருப்பில் வாசம். காவிரி இணைப்பில் வாரம் மூன்று நாள் தண்ணீர், மிச்ச நாளுக்கு டேங்கர். நான்காம் மாடியில் இருக்கும் கன்னட அம்மா ஒருவரோடு காலை நடையில் தொடங்கி, அவரைக்காய் பருவத்தில் தோலுரித்த அவரைக்கொட்டை வருவதும் பிள்ளையார் சதுர்த்திக்குக் கொழுக்கட்டை போவதுமாக நல்ல பழக்கம்.

சென்ற மாதம் காவிரித் தண்ணீர் திறப்புச் செய்தி வந்த அன்று, குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர், "அவர்களுக்குத் திறந்துவிட்டு நாம் டேங்கருக்குக் காசு அழுகிறோம்" என்று ஆங்கிலத்தில் போட்டார். இவர் பதிலுக்கு உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டுக்கு ஒதுக்கிய தண்ணீர் அளவைப் போட்டு, "இது பிச்சை இல்லை, எங்கள் உரிமை" என்று எழுதினார். பிறகு குழுவில் அமைதி. அன்றிலிருந்து அந்த அம்மா லிஃப்டில் பார்த்தும் பார்க்காததுபோல் போகிறார். போன வாரம் ஆறாம் வகுப்புப் படிக்கும் மகனை விளையாட்டுத் திடலில் ஒரு பையன் "கொங்கா" (தமிழரை இழிவாகச் சொல்லும் கன்னடச் சொல்) என்று கூப்பிட்டிருக்கிறான்.

அவர் கேட்பவை: "ஏழு வருடம் கூடவே வாழ்ந்தும் இவர்கள் மனம் மாறவில்லை என்றால் இனி எப்போது மாறும்? போலீசில் புகார் கொடுக்கலாமா? அல்சூர், மர்பி டவுன் பக்கம் தமிழர்கள் நடுவே போய்விடலாம் என்கிறார் கணவர். மகனை வெளியில் தமிழ் பேசாதே என்று சொல்லிவிட்டேன். சரியா?"

பதில்

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் பயத்தை மிகைப்படுத்தல் என்று சொல்லமாட்டேன். 1991 டிசம்பரில் காவிரிப் பிரச்சினையில் இந்த நகரத்துத் தமிழர்கள் தாக்கப்பட்டதும், 2016 செப்டம்பர் 12 அன்று பேருந்துகள் எரிந்து, 16 காவல் நிலைய எல்லைகளில் ஊரடங்கு போட்டதும் இங்குள்ள தமிழ்க் குடும்பங்களுக்கு மறக்கக்கூடியவை அல்ல. காவிரி என்ற சொல் செய்தியில் வந்தாலே வயிற்றில் ஏதோ பிசைவது இயல்பு. ஆனால் "ஏழு வருடம் கூடவே வாழ்ந்தோம்" என்ற உங்கள் வரியில்தான் எனக்குச் சந்தேகம். அங்கிருந்தே தொடங்குகிறேன்.

அந்த ஏழு வருடத்தில் எத்தனை பேர்?

கடிதத்தில் நீங்கள் குறிப்பிட்டிருக்கும் கன்னடர்களை எண்ணினேன். வாசல் காவலர், வீட்டுவேலைக்கு வருபவர், தள்ளுவண்டிக் காய்கறிக்காரர், ஆட்டோ ஓட்டுநர்கள், குழுவில் எழுதியவர், நான்காம் மாடி அம்மா. முதல் நான்கு வகையினரும் நீங்கள் காசு கொடுத்து வேலை வாங்குபவர்கள். குழுவில் எழுதியவரை நேரில் பார்த்ததே இல்லை என்று நீங்களே சொல்கிறீர்கள். சமநிலையில் உட்கார்ந்து பேசியவர் ஒரே ஒருவர். ஏழு வருடத்தின் மொத்தக் கனமும் அந்த ஒருவர் தலையில் இருந்திருக்கிறது. அவர் முகம் திருப்பியதும் ஒரு நகரமே முகம் திருப்பியதாகத் தோன்றுவதில் வியப்பில்லை.

ஒரே மதிலுக்குள் குடியிருப்பதால் மட்டும் பழக்கம் வந்துவிடாது. கார்டன் ஆல்போர்ட் என்ற அமெரிக்க உளவியலாளர் 1954-இலேயே இதைத் தெளிவாகச் சொன்னார். இரண்டு கூட்டத்தார் சந்திப்பதால் கசப்பு குறையவேண்டுமானால் நான்கு சங்கதி வேண்டும்: அந்த இடத்தில் இருவரும் சமமாக இருக்கவேண்டும், இருவருக்கும் பொதுவான ஒரு காரியம் வேண்டும், அதை ஒருவரையொருவர் நம்பிச் செய்யவேண்டும், மேலிருப்பவர்கள், அதாவது பள்ளியோ சங்கமோ சட்டமோ, அதை ஆதரிக்கவேண்டும். பின்னர் தாமஸ் பெட்டிகுரூ, லிண்டா டிராப் இருவரும் 515 ஆய்வுகளை ஒன்றாகத் தொகுத்து 2006-இல் வெளியிட்டார்கள். பொதுவாகப் பழக்கம் கசப்பைக் குறைக்கிறது என்பதே முடிவு. ஆனால் பெரும்பான்மையினர் மனத்தில் ஏற்படும் அளவு மாற்றம் சிறுபான்மையினர் மனத்தில் ஏற்படுவதில்லை என்பதையும் இதே இருவர் காட்டியிருக்கிறார்கள். காரணம் எளிது. அந்த அம்மா உங்களோடு நடக்கும்போது "நான் கன்னடத்தி" என்று நினைத்துக்கொண்டு நடந்திருக்கமாட்டார். நீங்களோ ஒவ்வொரு நாளும் "நான் தமிழ்" என்பதைத் தோளில் சுமந்துகொண்டுதான் நடந்திருப்பீர்கள். திருச்சியில் இருந்தவரை உங்களுக்கும் இந்தச் சுமை கிடையாது. அங்கே "வடக்கன்" என்ற சொல் காதில் விழுந்தபோது அது யார் தோளில் இறங்கியது என்று அன்றைக்கு யோசித்திருக்கமாட்டோம், இல்லையா?

இன்னொன்று. கசப்பான ஒரு சந்திப்பு இனிப்பான பலவற்றை அமுக்கிவிடும். நன்றாகப் பழகும்போது எதிரில் இருப்பவர் "அந்த அம்மா"வாகத் தெரிகிறார். சண்டை வந்ததும் "கன்னடக்காரி"யாகத் தெரிகிறார். அதனால் நல்லது அவர் கணக்கில் ஏறுகிறது, கெட்டது இனத்தின் கணக்கில் ஏறுகிறது. உங்கள் கடிதத்திலேயே இது நடந்திருக்கிறது. இரண்டாம் பக்கம் வரை "அவர்". மூன்றாம் பக்கத்திலிருந்து "இவர்கள்".

பயம் திமிராகத் தெரியும் இடம்

"கன்னடம் தப்பாகப் பேசிவிடுவேனோ என்று ஆங்கிலத்திலேயே பேசிவிடுவேன், அது யாருக்கும் பொதுவானதுதானே" என்று எழுதியிருக்கிறீர்கள். பெங்களூரில் அது பொதுவானதாகக் கேட்பதில்லை. வந்த புதிதில் ஆங்கிலம் பேசினால் யாரும் தவறாக எடுக்கமாட்டார்கள். ஏழாம் வருடமும் அதே ஆங்கிலம் என்றால், "எங்கள் மொழி இவர்களுக்கு வேண்டாம்போலிருக்கிறது" என்று அர்த்தமாகிவிடும். பதற்றத்தில் இருப்பவர் சுருக்கமாகப் பேசுவார், கண்ணைப் பார்க்கமாட்டார், சீக்கிரம் நகர்ந்துவிடுவார். எதிரில் நிற்பவருக்கு அதெல்லாம் திமிர். அவரும் விறைத்துக்கொள்வார். அந்த விறைப்பைப் பார்த்து உங்கள் பதற்றம் கூடும். பாதிச் சண்டைகள் இந்தச் சுற்றில் பிறப்பவைதான்.

தமிழருக்குக் கன்னடம் தூரத்து மொழி அல்ல. நம் "ப" பல சொற்களில் அங்கே "ஹ" ஆகும்: பால் ஹாலு, பூ ஹூவு, புலி ஹுலி, பத்து ஹத்து, பெயர் ஹெசரு. இது பிடிபட்டால் நூறு சொற்கள் தானாகவே வரும். நம்மவர் வழக்கமாகச் சறுக்குவது மரியாதை விகுதியில். தமிழ் வினையை அப்படியே மாற்றி "கொடு", "ஹேளு", "பா" என்று சொல்லிவிடுகிறோம். அதெல்லாம் ஒருமை, கடைக்காரருக்கும் அண்டை வீட்டாருக்கும் சுருக்கென்று படும். "கொடி", "ஹேளி", "பன்னி" என்று இகரத்தில் முடியவேண்டும். ("பன்னி" என்றால் "வாருங்கள்". நமக்குச் சிரிப்பு வரும், அடக்கிக்கொள்ளுங்கள்.) "கன்னடா கொத்தில்லா" என்றால் தெரியாது என்று கதவைச் சாத்துவது. "கன்னடா கலீதா இத்தீனி, ஸ்வல்பா நிதானவாகி ஹேளி" என்றால் கற்றுக்கொண்டிருக்கிறேன், கொஞ்சம் மெதுவாகச் சொல்லுங்கள் என்பது. இரண்டாவதைச் சொன்ன பிறகு எதிரிலிருப்பவர் பெரும்பாலும் உங்களுக்குத் தமிழிலேயே உதவ வருவார். அப்போதும் இரண்டு வாக்கியமாவது கன்னடத்தில் தொடருங்கள்.

கார் விஷயம்

டிஎன் 45 எண் பலகையைப் பார்த்தாலே போக்குவரத்துப் போலீஸ் நிறுத்துகிறது, இது தமிழர் மேல் வெறுப்பு என்கிறீர்கள். இந்த ஒன்றில் தவறு நம் பக்கம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 47-ஆம் பிரிவுப்படி ஒரு மாநிலத்தில் பதிந்த வண்டியை வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் அங்கே மறுபதிவு செய்யவேண்டும். உங்கள் வண்டி ஏழு வருடமாக நிற்கிறது. படிவம் 28-இல் திருச்சி அலுவலகத்தின் தடையின்மைச் சான்று, பிறகு படிவம் 27-இல் இங்கே புதிய எண்ணுக்கு விண்ணப்பம், கர்நாடகச் சாலை வரி, அங்கே கட்டியதில் மீதியைத் திரும்பக் கேட்கும் மனு. கையைக் கடிக்கும் செலவுதான். ஆனால் பதற்றமான நாட்களில் முதலில் குறிவைக்கப்படுவது வெளிமாநில எண் பலகை என்பதால், பாதுகாப்புக்காகவும் இதை முடித்துவிடுங்கள்.

குழுவில் போட்ட செய்தி

நீங்கள் போட்ட எண் சரி. 2018 பிப்ரவரி 16 தீர்ப்பில் தமிழ்நாட்டுக்கு 177.25 டிஎம்சி. ஆனால் அதே தீர்ப்பில் இன்னோர் எண் இருக்கிறது. நடுவர் மன்றம் சொன்ன 192-இலிருந்து குறைத்த 14.75-இல் 4.75 டிஎம்சியைப் பெங்களூரின் குடிநீர்த் தேவைக்காகவே ஒதுக்கினார்கள். சுமார் 100 கிலோமீட்டர் தள்ளித் தொரேகாடனஹள்ளியிலிருந்து இறைத்து ஏற்றப்படும் காவிரித் தண்ணீர்தான் வாரம் மூன்று நாள் உங்கள் சமையலறைக் குழாயில் வருகிறது. ஆக "எங்கள் உரிமை" என்று நீங்கள் எழுதியபோது, அந்த "எங்கள்" யார்? திருச்சியில் இருக்கும் அம்மாவா, பெங்களூரில் டேங்கருக்குக் காத்திருக்கும் நீங்களா? இரண்டும் நீங்கள்தான். அவர் "அவர்களுக்கு" என்றார், நீங்கள் "எங்கள்" என்றீர்கள். டேங்கருக்கு ஒரே அளவு காசு கொடுக்கும் இரண்டு பேர், இரண்டு சொல்லில் இரண்டு மாநிலமாகிவிட்டீர்கள். 96 வீடு பார்க்கும் இடத்தில் நடக்கும் வாதத்தில் யாரும் யாரையும் மாற்றியதில்லை. பார்ப்பவர்கள் ஒரு பக்கம் சாயவேண்டிய கட்டாயம்தான் வரும். உங்கள் தோழிக்கு வந்திருப்பதும் அதுவாக இருக்கலாம்.

குடியிருப்பில் டேங்கர் கணக்குப் பார்க்க ஆள் கேட்கிறார்கள் என்று ஓரிடத்தில் சொல்லியிருக்கிறீர்கள். சேருங்கள். 12,000 லிட்டர் என்று ரசீது கொடுக்கும் வண்டி உண்மையில் எவ்வளவு இறக்குகிறது என்று தொட்டியில் அளவுகோல் விட்டு முன்னும் பின்னும் குறித்துக்கொள்ள இரண்டு பேர் வேண்டும். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பு முதலியவற்றை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் வைத்துப் பார்க்க ஒரு நிமிடம். இருவரும் ஒரே தண்ணீரைக் காக்கும் வேலை இது. தமிழ் தெரிந்த இன்னொருவரோடு ஜோடி சேராதீர்கள், அது வசதி, ஆனால் பயன் இல்லை. உத்தரப் பிரதேசத்தில் வெவ்வேறு சாதி இளைஞர்களைக் கிரிக்கெட் அணிகளில் கலந்து விளையாடவிட்டு ஆராய்ந்து 2021-இல் வெளியிட்டார்கள். ஒரே அணியில் இருந்தவர்களுக்குள் சாதி தாண்டிய நட்பு வளர்ந்தது. எதிரணியாக மட்டும் சந்தித்தவர்களிடம் அந்த நற்பலன் இல்லை. ராஜ்யோத்சவத்துக்கோ (கர்நாடகம் உருவான நாள்) பொங்கலுக்கோ உங்கள் சங்கம் மாநிலவாரியாகக் கயிறு இழுக்கும் போட்டி வைக்க நினைத்தால் தடுத்துவிடுங்கள். பிளாக்வாரியாக இழுக்கட்டும்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. இராக்கில் ஐஎஸ் வன்முறையால் இடம்பெயர்ந்த கிறிஸ்தவர்களின் கால்பந்து அணிகள் சிலவற்றில் முஸ்லிம் வீரர்களைச் சேர்த்து நடத்திய ஆய்வு 2020-இல் வந்தது. சக ஆட்டக்காரர்களோடு நட்பு நிலைத்தது. ஆனால் முகம் தெரியாத முஸ்லிம்களிடம் அது பெரிதாகப் பரவவில்லை. டேங்கர் கணக்குப் பார்த்தால் உங்கள் மாடிப்படி சரியாகும். நகரம் சரியாகும் என்று நான் வாக்குக் கொடுக்கமுடியாது.

சட்டம் எங்கே நிற்கும்

"மொழியைவைத்துப் பாகுபாடு காட்டுவது அரசியலமைப்புப்படி குற்றம்" என்று நீங்கள் நினைப்பது அப்படியே சரியல்ல. 15-ஆம் உறுப்பில் மதம், இனம், சாதி, பால், பிறந்த இடம் உண்டு, மொழி இல்லை. உங்களுக்கு உள்ளவை வேறு: நாட்டின் எந்தப் பகுதியிலும் குடியிருக்கும் உரிமை, 19(1)(இ), உங்கள் மொழியைக் காத்துக்கொள்ளும் உரிமை, 29(1).

குற்றவியல் பக்கம்: மொழி முதலியவற்றின் பெயரால் கூட்டத்தாரிடையே பகை வளர்த்தால் பாரதிய நியாய சன்ஹிதா 196-ஆம் பிரிவு, மூன்று வருடம் வரை சிறை. மிரட்டினால் 351. அமைதி குலையும்படி வேண்டுமென்றே அவமதித்தால் 352. டேங்கர் பற்றிய அந்த ஒரு வரி இதில் எதிலும் விழாது என்பது என் கணிப்பு. அதற்குப் புகார் கொடுத்தால் நிலையத்தில் சமாதானம் பேசி அனுப்புவார்கள். குடியிருப்பில் மட்டும் "போலீசுக்குப் போன வீடு" என்ற பெயர் நிற்கும். ஆனால் "வீட்டைக் காலி செய்", "பார்த்துக்கொள்கிறேன்" என்று யாராவது சொன்னாலோ எழுதினாலோ யோசிக்கவேண்டாம். எண்ணும் நேரமும் தெரியும்படி படம் எடுத்து, உரையாடலையும் ஏற்றுமதி செய்து வைத்து, செய்தியை அழிக்காமல் புகார் கொடுங்கள். கூட்டம் கூடினால் 112. இந்தச் சட்ட விஷயத்துக்கு மட்டும் ஒரு வழக்கறிஞரையும் கலந்துகொள்வது நல்லது.

பையன்

தமிழ் பேசாதே என்று சொன்னதை இன்றே திரும்பப் பெறுங்கள். அவன் அதிலிருந்து கற்றுக்கொள்வது தன் வீட்டு மொழி மறைக்கவேண்டிய ஒன்று என்பதை மட்டும்தான். வேண்டுமானால் ஒரு நாகரிகம் சொல்லிக்கொடுங்கள்: மூன்றாவது ஆள் விளையாட்டில் சேர்ந்துவிட்டால், மூவருக்கும் புரியும் மொழிக்கு மாறிவிடவேண்டும். அது எல்லாருக்கும் பொருந்தும்.

"கொங்கா" என்ற சொல்லை மட்டும் நட்புக்காக விழுங்காதீர்கள். உறவு கெடக்கூடாது என்று சின்னச் சின்ன அவமதிப்புகளைப் பொறுத்துக்கொண்டே போனால், வெளியே இணக்கமும் உள்ளே புண்ணுமாக ஆகிவிடும். முதலில் மகனிடம் கேளுங்கள்: யார், எத்தனை தடவை, கூட இருந்தவர்கள் என்ன செய்தார்கள், அவன் என்ன பதில் சொன்னான். "அவங்க அப்படித்தான்" என்று முடித்துவைக்காதீர்கள். அடுத்து அந்தப் பையனின் பெற்றோரைத் தனியாகப் பார்த்து, நடந்ததை மட்டும் சொல்லுங்கள். பதினோரு வயதுப் பிள்ளை அந்தச் சொல்லை எங்கோ கேட்டுத்தான் வந்திருக்கும். பெரும்பாலான வீடுகளில் சங்கடப்பட்டுத் திருத்திவிடுவார்கள். மறுபடி நடந்தால் தேதியோடு சங்கத்துக்கு எழுத்தில் கொடுங்கள். உங்கள் வீட்டிலும் கன்னடர்களைப் பற்றி எந்தப் பட்டப்பெயரும் புழங்காமல் பார்த்துக்கொள்ளவேண்டும் என்று நான் சொல்லவேண்டியதில்லை.

வீடு மாறுவது

தாராளமாக மாறலாம், தவறே இல்லை. தமிழ்ச் சங்கம், கோயில், தமிழ் பேசும் கடைத்தெரு எல்லாம் ஆறுதல். ஆனால் கணவர் நினைப்பதுபோல அது தனித் தீவு அல்ல. அல்சூர், மர்பி டவுன் தமிழர்கள் தலைமுறைகளாக இங்கே இருப்பவர்கள், கன்னடம் சரளமாகப் பேசுபவர்கள். அங்கே போனால் உங்களுக்குக் கன்னடம் வராதது இன்னும் பளிச்சென்று தெரியும்! அல்சூர் ஏரிக்கரையில் திருவள்ளுவர் சிலை பல வருடம் மூடிக்கிடந்து 2009 ஆகஸ்டில் திறக்கப்பட்டதும், அதே வாரம் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவி சர்வக்ஞர் சிலை திறக்கப்பட்டதும் நினைவிருக்கும். இங்கே எதுவும் ஒரு பக்கமாக மட்டும் நகர்ந்ததில்லை. சண்டையின் சூட்டில் முடிவெடுக்காமல், மகனின் பள்ளியாண்டு முடியும்வரை பொறுங்கள்.

நான்காம் மாடி

கடிதத்தின் ஐந்தாம் பக்கத்தில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: "அவங்க மாமியாரை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்காங்கன்னு காவலர் சொன்னார்." தேதியைப் பார்த்தால் குழுச் சண்டை நடந்த அதே வாரம். அந்த அம்மா லிஃப்டில் உங்களைப் பார்க்காமல் போனது கோபமா, இரண்டு இரவு தூங்காத களைப்பா? சிறுபான்மையாக வாழ்வதில் இது ஒரு தொந்தரவு. எதிரில் இருப்பவரின் முகவாட்டத்துக்கு ஆயிரம் காரணம் இருந்தாலும் நமக்கு முதலில் தோன்றுவது நம் இனம்தான்.

அதனால் அவரிடம் பேசுங்கள். வாட்ஸ்அப்பில் வேண்டாம், லிஃப்டிலும் வேண்டாம். கதவு திறந்தால் பேச்சு பாதியில் நிற்கும். காலை நடை நேரத்தில் போங்கள். தீர்ப்பு, டிஎம்சி, அந்த ஆள் எழுதியது எதையும் எடுக்காதீர்கள். உங்கள் பங்கை மட்டும் சொல்லுங்கள்: "அவத்து நானு குரூப்பல்லி பரெதித்து தப்பு." அன்று நான் குழுவில் எழுதியது தவறு. எழுதிய கருத்தை விட்டுக்கொடுக்கச் சொல்லவில்லை. எழுதிய இடமும் விதமும் தவறு, அவ்வளவுதான். அவருக்கும் மனத்தாங்கல் இருந்தால் வரட்டும், குறுக்கே விளக்கம் சொல்லாமல் கேளுங்கள். சங்கராந்தி அன்று எள்ளு பெல்லா கொடுத்து "எள்ளு பெல்லா திந்து ஒள்ளே மாத்தாடி" என்பார்கள், எள்ளும் வெல்லமும் தின்று நல்ல பேச்சுப் பேசுங்கள் என்று. அதுவரை காத்திருக்கவேண்டாம்.

ஆனால் தவற்றைப் பற்றிய பேச்சுகூட இரண்டாவதுதான். முதலில் கேட்கவேண்டியது, மாமியார் வீட்டுக்கு வந்துவிட்டாரா என்று. கன்னடத்தில் அது இவ்வளவுதான்: "அத்தே மனேகே பந்த்ரா?"